வாசகர் கேள்வி – பதில்: பவளத் தொட்டியில் பிஎச் ஏன் ஏற மறுக்கிறது?

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பிஎச் (நீரின் அமில, கார அளவு) பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: 300 லிட்டர் தொட்டி, படுக்கையறையில் இருக்கிறது. மென்பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு இறால். காலையில் பிஎச் 7.7, சாயங்காலம் 7.95. காரத்தன்மை 8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் லிட்டருக்கு 430 மில்லிகிராம். கடைக்காரர் பிஎச் ஏற்றும் பொடி கொடுத்தார். போட்டதும் 8.2 காட்டுகிறது, மறுநாள் காலை கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. இப்போது காரத்தன்மை 12-இல் வந்து நிற்கிறது. இன்னும் போடலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பொடி டப்பாவை மூடி வையுங்கள். 8 டிகேஎச்சும் 430 கால்சியமும் இருந்த தண்ணீரில் சேர்க்க வேண்டியது ஒன்றுமே இல்லை. கோளாறு உங்கள் அறைக் காற்றில் இருக்கிறது.

கடல்நீரின் பிஎச் முக்கியமாக இரண்டைப் பொறுத்தது. ஒன்று காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமாளிக்கும் திறன். இன்னொன்று, நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு. அது கரைந்தால் கார்பானிக் அமிலம். அமிலம் கூடினால் பிஎச் இறங்கும். தொட்டி நீர் எந்தக் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதனோடு சமநிலைக்கு வரப் பார்க்கும். வெளிக்காற்றில் இன்று கரியமில வாயு 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) சற்று மேல். 8 டிகேஎச் உள்ள கடல்நீர் 25 டிகிரியில் அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்தால் பிஎச் ஏறக்குறைய 8.25. காற்றில் 840 ஆனால் 8.0. 1,680 ஆனால் 7.7. வாயு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கால் புள்ளிக்குமேல் போய்விடும்.

உங்கள் அறை 12-க்கு 10 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொண்டால் 34 கனமீட்டர் காற்று. தூங்குகிற ஒருவர் மணிக்கு 12, 13 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். இரண்டு பேர் படுத்தால் மணிக்கு 25 லிட்டர். அறை முழுக்க அடைபட்டிருந்தால் ஒவ்வொரு மணிக்கும் 700 பிபிஎம்முக்குமேல் ஏறும். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்குக் கசிவால் அவ்வளவு ஏறுவதில்லை. ஆனாலும் விடியும்போது 2,000-ஐத் தொடுவது சாதாரணம். ஏசி ஓடுகிறதே, காற்று மாறுமே என்று பலர் எண்ணுகிறார்கள். ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு மூச்சுக் காற்றைக்கூட உள்ளே எடுப்பதில்லை. அறைக்குள் இருப்பதையே குளிர்வித்துச் சுற்றிவிடுகிறது. பழைய ஜன்னல் ஏசி சிலவற்றிலாவது வெளிக்காற்றுக்கென்று ஒரு சின்னத் திறப்பு இருந்தது. போதாக்குறைக்கு, இரவில் தொட்டி விளக்கும் அணைந்துவிடுகிறது. ஒளிச்சேர்க்கை நின்று, மீன், பவளம், பாக்டீரியா எல்லாமே கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். வீட்டார் மூச்சும் தொட்டி மூச்சும் ஒரே எட்டு மணி நேரத்தில் சேர்வதால்தான் படுக்கையறைத் தொட்டிகளில் காலை அளவு இவ்வளவு கீழே போகிறது.

பொடி ஏன் நிற்கவில்லை? அதில் பெரும்பாலும் சோடியம் கார்பனேட் இருக்கும். போட்டவுடன் அது நீரில் கரைந்திருக்கும் வாயுவைப் பிடித்து பைகார்பனேட் ஆக்குகிறது, பிஎச் ஏறுகிறது. காலியான இடத்தை நிரப்ப அறையிலிருந்து மறுபடி வாயு கரைகிறது, பிஎச் இறங்குகிறது. காரத்தன்மை மட்டும் மிச்சம். 8-லிருந்து 12-க்குப் போனதில் உங்களுக்கு நிலையாகக் கிடைப்பது 0.15 அளவுதான். அதற்கு விலையாக ஹீட்டரிலும் பம்பிலும் சுண்ணாம்புப் படிவு ஏறும். பொடியை நிறுத்துங்கள். 12-ஐ அமிலம் ஊற்றி இறக்க முயல வேண்டாம். வாரம் 10 சதவீதம் நீர் மாற்றினால் தானாக இறங்கும். 8-க்கும் 9-க்கும் இடையில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

காற்றுதான் காரணமா என்று சந்தேகமறத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை. காலையில் விளக்கு எரியும் முன்பே, இரண்டு பிளாஸ்டிக் ஜக்கில் தலா ஒரு லிட்டர் தொட்டி நீர் எடுத்து பிஎச் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பால்கனியில் நிழலில் வைத்து, மீன்தொட்டிக்கான சாதாரண ஏர் பம்பும் குமிழ்க் கல்லும் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். இன்னொன்றை அறைக்குள்ளேயே, தொட்டிக்குப் பக்கத்தில், அதேபோல. பம்பும் ஜக்குடன் இருக்க வேண்டும். பம்பை உள்ளே வைத்துக் குழாயை மட்டும் பால்கனிக்கு நீட்டினால் அறைக் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின் அளக்கவும். பால்கனி நீர் மட்டும் 8.2-ஐ நோக்கி ஏறினால் குற்றவாளி அறைக் காற்று. இரண்டும் ஏறினால் அறையைக் குறை சொல்ல முடியாது. தொட்டியில் காற்றோட்டம் போதவில்லை, மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, கண்ணாடி மூடி முழுக்க அடைக்கிறதா, பம்பின் முனை மேற்பரப்பைக் கலக்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஏறவில்லை என்றால் மீட்டரையோ காரத்தன்மைச் சோதனையையோ நம்பாதீர்கள்.

சரி, என்ன செய்வது? செலவில்லாதது, இரவில் படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்து வைப்பது. ஹாலின் காற்றும் சேர்ந்துகொள்வதால் கரியமில வாயுவின் ஏற்றம் மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறையும். அடுத்தது, குளியலறையின் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். மணிக்கு 200 கனமீட்டர் அளவில் இழுக்கும். ஜன்னலை ஒரு விரல்கடை திறந்துவிட்டு 20 நிமிடம் ஓட்டினால் அறைக் காற்று ஏறக்குறைய வெளிக்காற்றாகிவிடும். ஆனால் 300 லிட்டர் நீர் 20 நிமிடத்தில் பின்தொடராது. அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால் ஒருமுறை பெரிதாகத் திறப்பதைவிட, இரவு முழுவதும் சிறிதாகத் திறந்திருப்பதே பலன் தரும்.

பதற்றம் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 7.8 முதல் 8.4 வரை எங்கிருந்தாலும் தொட்டி வாழும். 7.7-இல் கோமாளி மீனுக்கும் மென்பவளத்துக்கும் பெரிய நட்டமில்லை. அடி வாங்குவது சுண்ணாம்பு எலும்பு கட்டும் உயிர்கள்தான்: கல்பவளம், சுண்ணப் பாசி, சங்கு வகைகள். 8.25-இல் கிடைக்கும் கார்பனேட் அயனியில் 40 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் 7.7-இல் கிடைக்கிறது. வளர்ச்சி மந்தமாகும்.

கேள்வி: தொட்டி அருகே பத்துப் பதினைந்து பாம்புக் கற்றாழைத் தொட்டிகளை வைத்தால் கரியமில வாயு குறையுமா? ஏர் ப்யூரிஃபையர் உதவுமா?
– வாசகி, கோவை

பதில்: இரண்டுமே உதவாது. ஒருவர் ஒரு நாளில் விடும் கரியமில வாயு சுமார் ஒரு கிலோ. அதில் கார்பன் 270 கிராம். அதை முழுக்க உறிஞ்ச வேண்டுமானால் உங்கள் செடிகள் எல்லாம் சேர்ந்து தினமும் 600 கிராம் காய்ந்த எடை கூட வேண்டும். பாம்புக் கற்றாழை வருடத்துக்கு நான்கு இலை விட்டாலே பெரிது. அழகுக்கு வையுங்கள். ப்யூரிஃபையரின் ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும். கரியமில வாயு அதன் ஊடே தடையின்றிப் போய்விடும்.

கேள்வி: எந்த மீட்டரை நம்புவது? பேனா வகை பிஎச் மீட்டரும் ஆன்லைனில் வாங்கிய காற்றுத் தர மீட்டரும் இருக்கின்றன. காற்று மீட்டர் ஊதுபத்தி கொளுத்தினால் 3,000 காட்டுகிறது.
– வாசகர், திருச்சி

பதில்: ஊதுபத்திக்கு எகிறும் மீட்டர் கரியமில வாயுவை அளக்கவே இல்லை. மணம், புகை, ஆல்கஹால் ஆவி போன்றவற்றை உணர்ந்து, அதிலிருந்து கரியமில வாயு இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்து ஓர் எண்ணைப் போடுகிறது. வாங்கும்போது பெட்டியில் 'என்டிஐஆர்' உணரி என்று இருக்கிறதா பாருங்கள். அகச்சிவப்புக் கதிரால் நேரடியாக அளப்பது அது.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல மீட்டர்கள் ஒரு வாரத்தில் தாம் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். எப்போதும் அடைத்த அறையிலேயே வைத்தால், அங்கே உண்மையில் 700-க்குக் கீழே இறங்காதபோதும், அந்த 700-ஐ 400 ஆக்கிவிடும். பிறகு எல்லா அளவும் குறைத்தே காட்டும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் மொட்டை மாடியில் வைத்து எடுங்கள். இருக்கும் இடமும் முக்கியம்: தொட்டி மேற்பரப்பின் உயரத்தில், ஸ்கிம்மர் (காற்றுக் குமிழால் நீரின் அழுக்கை நுரையாக்கிக் கோப்பையில் சேர்க்கும் கருவி) காற்று இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில். எண்ணைப் பார்க்கக் குனிந்து அதன் மேலேயே மூச்சு விட்டால் இன்னொரு ஆயிரம் ஏறும்.

பிஎச் பேனாவை 7.00, 10.01 என்ற இரண்டு பஃபர் கரைசலிலும் (பிஎச் இன்னதென்று உறுதியாகத் தெரிந்த கரைசல்) மாதம் ஒருமுறை சரிபார்க்கவும். 4.01 நன்னீர்க்காரர்களுக்கு, கடல்நீர் 7-க்கும் 10-க்கும் நடுவில் நிற்கிறது. 10.01 பஃபர் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித் தானே கீழே இறங்கிவிடும். பயன்படுத்தியதைப் புட்டிக்குள் திரும்ப ஊற்றக் கூடாது. பஃபர் மேல் சந்தேகம் வந்தால் வெங்காரம் கைகொடுக்கும். ஆய்வக வெங்காரம் 3.8 கிராமை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 25 டிகிரியில் 9.18. நாட்டு மருந்துக் கடையில் பொரித்த வெங்காரம் கொடுப்பார்கள். அதில் நீர் போயிருப்பதால் எடைக் கணக்கு மாறிவிடும், அது வேண்டாம். நிறம் பார்த்துச் சொல்லும் சொட்டுச் சோதனையில் 7.8-க்கும் 8.1-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நாம் பேசிக்கொண்டிருப்பதோ அந்த வித்தியாசத்தைத்தான்.

கேள்வி: ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே விட்டால் பிஎச் ஏறும் என்கிறார்கள். ஐந்தாவது மாடி ஃபிளாட். தொட்டி ஹாலில், வெளிச்சுவரிலிருந்து 4 மீட்டர். வெயில் காலத்தில் 40 டிகிரிக் காற்றை இழுத்தால் தண்ணீர் சூடாகாதா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: நல்ல வழி. ஏசி ஓடும் ஃபிளாட்டுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். உங்கள் தொட்டியில் காற்றும் நீரும் அதிகம் உரசும் இடம் ஸ்கிம்மர்தான். மணிக்கு 600 லிட்டர் காற்றை நுண்ணிய குமிழாக்கி நீரில் கலக்குகிறது. அந்தக் காற்றை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தால் 0.1 முதல் 0.2 வரை ஏற்றம் எதிர்பார்க்கலாம். தொட்டியின் மேற்பரப்பும் சம்ப்பும் (கருவிகள் இருக்கும் கீழ்த்தொட்டி) இன்னும் அறைக் காற்றையே தொட்டுக்கொண்டிருப்பதால் முழு 8.25 வராது.

சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 600 லிட்டர் காற்றின் எடை 700 கிராம். பத்து டிகிரி கூடுதலாக இருந்தாலும் தொட்டிக்குள் வரும் வெப்பம் 2 வாட். உங்கள் பம்பே அதைவிடச் சூடு தரும்.

சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. ஏசியின் செப்புக் குழாய் வெளியே போகும் துளையில் பெரும்பாலும் பட்டி வைத்து அடைத்த இடம் மிச்சமிருக்கும். அதன் வழியே குழாயைக் கொண்டுபோகலாம். ஸ்கிம்மரோடு வந்த மெல்லிய குழாயை 4 மீட்டர் நீட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. குழாய் ஒடுங்கி நீண்டால் உராய்வு கூடும், காற்று குறையும், நுரை இறங்கும். பிஎச் ஏறாததோடு ஸ்கிம்மரும் வேலை செய்யாது. கடைசி அரை அடி மட்டும் பழைய குழாய், மற்றதெல்லாம் 16 அல்லது 20 மில்லிமீட்டர் பிவிசி நெளிகுழாய், நடுவில் ஒரு குறைப்பான். வளைவுகள் இரண்டு மூன்றுக்குமேல் வேண்டாம். மாட்டிய பிறகு கோப்பையில் நுரை நிற்கும் உயரத்தைப் பழைய உயரத்தோடு ஒப்பிடுங்கள். இறங்கியிருந்தால் இன்னும் பெரிய குழாய் தேவை.

சென்னையில் இன்னொரு தொல்லை, குழாய்க்குள் வியர்ப்பது. புழுக்கமான நாட்களில் வெளிக்காற்று 26 டிகிரியிலேயே நீராகப் படியத் தொடங்கும். 24 டிகிரி ஏசி ஹாலில் 4 மீட்டர் குழாய் வழியே வரும்போது உள்சுவரில் நீர் கோக்கும். தொங்கலான இடத்தில் அந்த நீர் தேங்கிக் காற்றை அடைத்து, ஸ்கிம்மர் களகளவென்று சத்தம் போடும். குழாயை வெளிச்சுவரை நோக்கிச் சரிவாக ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஸ்கிம்மருக்கு முன்னால் கடைசித் தாழ்வில் ஒரு டி-இணைப்பு வைத்து, கீழ்க் காலில் சின்னப் புட்டியை இறுக்கமாக மாட்டுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்தால் போதும்.

வெளிமுனை கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும், மழை நீர் ஏறாது. ஸ்டீல் வலை கட்டாயம். இல்லையென்றால் குளவி ஒரே வாரத்தில் மண் கூடு கட்டி அடைத்துவிடும். சமையலறைப் புகைபோக்கி, கேஸ் கீசர் புகை, ஜெனரேட்டர் இவற்றிலிருந்து முனையைத் தள்ளி வையுங்கள். மாநகராட்சி கொசுப் புகை அடிக்க வரும் நாளில் குழாயைக் கழற்றி ஸ்கிம்மரை அறைக் காற்றுக்கு மாற்றிவிட்டு, புகை வாடை முழுக்கப் போன பிறகே திரும்ப மாட்டவும். ஏன் என்பதற்கு அடுத்த பதில்.

கேள்வி: ஹாலில் தினமும் சாம்பிராணி போடுவோம், இரவில் கொசு லிக்விட் மிஷின் ஓடும். பிஎச் இறங்க இவையும் காரணமா? ஒரு இறால் செத்துவிட்டது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: பிஎச்சுக்கு இவை பெரிய காரணமல்ல; சாம்பிராணிக் கரியிலிருந்து வரும் கரியமில வாயு, ஹாலில் இருக்கும் நான்கு பேரின் மூச்சுக்கு முன்னால் கணக்கில் வராது. இறாலுக்குக் கொசு மருந்து எமன். லிக்விட், சுருள் இரண்டிலும், பல இடங்களில் புகை வண்டியிலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவைக் கொல்வது போலவே இறால், நண்டு வகைகளையும் மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். ஸ்கிம்மரோ அறைக் காற்றை விடாமல் இழுத்து நீரில் கலந்துகொண்டிருக்கிறது. இறால் இறக்க வேறு காரணங்களும் உண்டு, தோல் உரிப்பில் தவறுவதும் உப்பளவு சட்டென்று மாறுவதும் முக்கியமானவை. இருந்தாலும் மிஷினை அந்த ஹாலிலிருந்து எடுத்துவிட்டு ஜன்னலுக்கு வலை அடியுங்கள். ஜன்னலைத் திறந்து வைக்கவும் அதுவே வழி. வலையில்லாமல் எந்த வீட்டில் ராத்திரி ஜன்னல் திறக்க முடிகிறது?

கேள்வி: எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு, ஜன்னல் வழியே குழாய் விட வசதியில்லை. கரியமில வாயு உறிஞ்சும் சோடா லைம் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒரு கிலோ எத்தனை நாள் வரும்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: உங்கள் அறையில் உள்ள கரியமில வாயுவின் அளவைப் பொறுத்தது, கணக்கு எளிது. ஸ்கிம்மர் மணிக்கு 600 லிட்டர் காற்று இழுக்கிறது, அறையில் 1,000 பிபிஎம் என்றால், மணிக்கு 0.6 லிட்டர் கரியமில வாயு உறிஞ்சியின் (சோடா லைம் நிரப்பிய குடுவை) வழியே போகும். நாளுக்கு 14 லிட்டர் சொச்சம். சோடா லைம் 100 கிராம் ஏட்டுக் கணக்கில் 26 லிட்டர் வரை பிடிக்கும். நடைமுறையில் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு 150 லிட்டர், அதாவது பத்து நாள். அறையில் 2,000 இருந்தால் ஐந்தே நாள். அதனால்தான் உறிஞ்சி வாங்குவதற்கு முன் அறைக் காற்றை இறக்குங்கள் என்கிறோம்.

செலவைப் பாதியாக்க ஒரு வழி, சுழற்சி இணைப்பு. ஸ்கிம்மர் கோப்பை மூடியில் துளையிட்டு, அங்கே வெளியேறும் காற்றையே குழாய் மூலம் உறிஞ்சிக்குக் கொண்டுபோய் மறுபடி ஸ்கிம்மருக்குக் கொடுப்பது. ஏற்கெனவே சுத்தமான காற்று என்பதால் சோடா லைம் நீண்ட நாள் வரும். இன்னொரு லாபம் ஈரம். சோடா லைமுக்கு ஈரம் வேண்டும். ஏசி அறையின் வறண்ட காற்று தொடர்ந்து ஓடினால் சரக்கு தீரும் முன்பே உலர்ந்து செத்துவிடும். கோப்பைக் காற்று ஈரமானது. ஆபத்தும் அதே இடத்தில்தான்: ஸ்கிம்மர் ஒருநாள் பொங்கினால் அழுக்கு நீர் குழாய் வழியே உறிஞ்சிக்குள் இறங்கி, காரக் குழம்பாகித் தொட்டிக்கு வரும். குழாயை ஓர் அடி உயரத்துக்கு வளைத்து எடுத்து, நடுவில் நீர்ப்பொறிப் புட்டி வையுங்கள். புதிதாக ஏதாவது ஒட்டும் பசையோ உணவோ போட்ட நாளில் ஸ்கிம்மர் பொங்கும். அன்று இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

வெள்ளைக் குருணை ஊதாவாக மாறினால் சக்தி தீர்ந்தது என்று அர்த்தம். அன்றே மாற்றுங்கள். ஓரிரு நாள் ஓட்டாமல் வைத்தால் அந்த ஊதா மறைந்து மீண்டும் வெள்ளையாகத் தெரியும். சக்தி திரும்பவில்லை, நிறம்தான் திரும்பியது. கையுறை போடாமல் தொடாதீர்கள், பொடியை முகரவும் கூடாது. நிரப்பியதும் வெளியே ஒருமுறை ஊதித் தூளை நீக்கிவிட்டு, இரு முனையிலும் ஸ்பாஞ்ச் வைத்து மாட்டுங்கள். பிஎச் 8.4-ஐ எட்டினால் அதற்குமேல் தள்ள வேண்டாம்.

கேள்வி: சுண்ணாம்பு நீர் சொட்டுவிட்டால் பிஎச் ஏறும் என்று படித்தேன். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஆகுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கரியமில வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றும் என்று பள்ளியில் படித்தோமே, அதே வினைதான் இங்கேயும். கால்சியம் ஹைட்ராக்சைடு நீரில் கரைந்திருக்கும் வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. பிஎச் ஏறுவதோடு கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்து கிடைக்கின்றன. வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தான் என்றாலும், அது எத்தனை சுத்தம் என்று தெரியாது. திறந்த டப்பாவில் பாதி ஏற்கெனவே காற்றோடு சேர்ந்து வெறும் கார்பனேட்டாகியிருக்கும். ஆய்வகத் தரப் பொடியே வாங்குங்கள், விலை ஒன்றும் அதிகமில்லை.

ஒரு லிட்டர் ஆர்ஓ நீருக்கு 2 கிராம் பொடி. கரைவது 1.6 கிராம் போலத்தான். மிச்சம் அடியில் தங்கும். மூடிவைத்து நான்கைந்து மணி நேரம் கழித்துத் தெளிவை மட்டும் எடுங்கள். இதன் பிஎச் 12.4, கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் கழுவ வேண்டும். முழு வலுவுள்ள இந்த நீர் ஒரு லிட்டர், 100 லிட்டர் தொட்டியில் காரத்தன்மையை 1.1 டிகேஎச்சும் கால்சியத்தை லிட்டருக்கு 8 மில்லிகிராமும் ஏற்றும். உங்கள் பவளங்கள் நாளுக்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று ஒரு வாரம் அளந்துவிட்டு, அந்த அளவுக்கு மட்டுமே ஊற்றலாம். மென்பவளத் தொட்டி என்றால் ஆவியாகும் நீரில் கால் பங்கோடு தொடங்குங்கள். விளக்கணைந்த பின், நீரோட்டம் பலமான இடத்தில், விநாடிக்கு ஒரு சொட்டு. அந்த வேகத்தில் ஒரு லிட்டர் இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும், இரவுக்குச் சரியாக இருக்கும்.

தானியங்கி நீர் நிரப்பியோடு இதை இணைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மிதவை ஸ்விட்சில் சுண்ணாம்பு படிந்து ஒருநாள் சிக்கும்; வாளியில் இருப்பது முழுவதும் தொட்டிக்குப் போகும். அப்படிப் போனாலும் தொட்டி தாங்கும் அளவுக்கு மேல் வாளியில் வைக்காதீர்கள்: 300 லிட்டருக்கு 3 லிட்டர் உச்சம்.

கேள்வி: பவளக் கல் பொடியை அடியில் பரப்பினால் பிஎச் ஏறாதா? ராமேஸ்வரம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: ஏறாது. 8 டிகேஎச் நீரில் பிஎச் 7.5-ஐ ஒட்டி இறங்கினால்தான் அந்தப் பொடி கரையத் தொடங்கும்; கால்சியம் ரியாக்டருக்குள் (பவளப் பொடியைக் கரைத்துக் கால்சியம் தரும் கருவி) கரியமில வாயுவை விட்டு 6.5 வரை இறக்குவது அதைக் கரைப்பதற்காகத்தான். தவிர, மன்னார் வளைகுடாவிலானாலும் வேறெங்கானாலும் நம் கடலின் கல்பவளம் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிருள்ளதோ செத்ததோ, வாங்குவதே குற்றம். தொடாதீர்கள்.

கேள்வி: கோடையில் 8.2 இருக்கும் பிஎச் பனிக்காலத்தில் 7.8-க்கு இறங்குகிறது. கீழ்த்தளத்தில் தொட்டி. அடுப்பு இயற்கை எரிவாயு.
– வாசகி, டொராண்டோ

பதில்: நவம்பரில் ஜன்னலை மூடினால் ஏப்ரலில்தானே திறக்கிறீர்கள்! வீட்டில் வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவி இருந்தால் அதை 'தேவைப்படும்போது' என்ற நிலையிலிருந்து எப்போதும் மெதுவாக ஓடும் நிலைக்கு மாற்றுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள். பலர் வீட்டில் அது அணைத்தே கிடக்கிறது. சமைக்கும்போது வெளியே தள்ளும் புகைபோக்கி ஓடட்டும். அடுப்பு சாதாரணமான ஆளில்லை: நம் ஊர் சிலிண்டர் அடுப்பையே எடுத்துக்கொண்டால், ஒரு பர்னர் மணிக்கு 150 கிராம் வாயு எரித்தால் 450 கிராம் கரியமில வாயு வரும், அதாவது 250 லிட்டர். பன்னிரண்டு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூச்சு விட்டதற்குச் சமம். இயற்கை எரிவாயுவிலும் அதே சூட்டுக்கு இதைவிடச் சற்றுத்தான் குறையும்.

ஸ்கிம்மர் குழாயை வெளியே விடலாம். மைனஸ் 20 டிகிரிக் காற்றுகூடத் தொட்டியிலிருந்து 10 வாட் வெப்பத்தையே எடுக்கும், ஹீட்டருக்கு அது பொருட்டல்ல. அங்கே சென்னைக்கு நேர்மாறாகக் குழாயின் வெளிப்புறம் வியர்த்துச் சுவர் ஈரமாகும். வீட்டுக்குள் வரும் பகுதிக்கு நுரை உறை போடுங்கள்.

கேள்வி: இரவில் பாசிக்கு விளக்குப் போட்டால் காலை பிஎச் இறங்காது என்கிறார்களே?
– வாசகர், கொழும்பு

பதில்: இறங்கும், ஆனால் குறைவாக. சம்ப்பில் ஒரு பகுதியைத் தடுத்து, கீட்டோமார்ஃபா பாசியை உருண்டையாகப் போட்டு, தொட்டி விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பாசி விளக்கு எரிந்து, மறுநாள் தொட்டி விளக்கு எரிந்த ஒரு மணி நேரம் கழித்து அணையும்படி டைமர் வையுங்கள். காலை, மாலை வித்தியாசம் சுருங்கும். பாசி பந்து கையளவுதான் இருக்கிறது என்றால் பலன் தெரியாது; சம்ப்பின் அந்தப் பகுதி நிறைய வேண்டும், உருண்டு கொண்டிருக்க நீரோட்டம் வேண்டும், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியமாக இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளி வெளியே எடுங்கள். எடுக்காமல் விட்டால் நடுவில் ஒளி படாத பகுதி அழுகி, இரவெல்லாம் உறிஞ்சிய வாயுவைத் திரும்ப நீரிலேயே விடும்.